பிள்ளையார் பிடிக்க வாங்கான கதை

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்குக் குரங்காகக்கூட முடியவில்லை. குரங்காக முடிந்திருந்தால் அதற்கென்று ஒரு முகமாவது இருந்திருக்கும். நான் பிடித்தது வாங்காக முடிந்தது. ஏழடி நீளம், ஒன்றரை அடி உயரம், கீழே கருங்கல், மேலே சீமெந்துப் பூச்சு. கண்டியிலிருந்து வத்துகாமம், பன்விலை வழியாக வரும் பஸ்ஸில் ஏறி, எங்கள் தோட்டத்துக் கரத்தை ரோடு பிரிகிற முடக்கில் இறங்கினால் பார்க்கலாம். பெயர்ப்பலகையில் மடுல்கெல்ல, எங்கள் வாயில் மடுல்கலை. எதைச் சொன்னாலும் கொண்டக்டர் அங்கேதான் இறக்கிவிடுவார்.

நக்கிள்ஸ் மலை ஏற வருகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் சில நேரம் அந்த வாங்கின் முன்னால் நின்று யோசிப்பார்கள். உட்காருகிற வாங்குக்கு எதற்கு முன்பக்கம் இரண்டு படி? எதற்கு நடுவில் கல்வெட்டுப் பதிக்கிற குழி? எதற்கு மேலே எட்டு இடத்தில் இரும்புக் கம்பியை அறுத்த தடம்? ஆட்டோக்காரத் தம்பிகள் தெரிந்த ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சமாளிப்பார்கள். என்னைக் கை காட்டாமல் விடுகிறார்களே, அதுவே பெரிய உதவி.

எட்டுக் கம்பி என்றால் எட்டுக் கால். எட்டுக் கால் என்றால் நாலு பெண்கள். அந்த நாலு பேரும் அங்கே நின்றிருக்க வேண்டும்; நிறுத்தியவனும் நான், விழ வைத்தவனும் நான்.

நான் சித்திர ஆசிரியன். ஓய்வுபெற்றுவிட்டேன், ஆனால் தோட்டத்தில் 'சேர்' என்று ஒருமுறை ஆகிவிட்டால் சாகும்வரை சேர்தான். 32 வருடம் பிள்ளைகளுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்தேன். என்ன கற்றுக்கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேஸ்டல் பெட்டியில் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு குச்சி இருக்கும். அதற்கு 'தோல் கலர்' என்று பெயர். மனித முகம் என்றால் அந்தக் குச்சி. 32 வருடமும் அதைத்தான் சொன்னேன். ஒரு வருடம் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தன் கையை அந்தக் குச்சிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சேர், இது யாரோட தோல்?" என்று கேட்டது. "பேசாம வரை" என்றேன். கேள்வி சரியான கேள்வி என்று எனக்கு அப்போதே தெரியும். பதில் தெரியாதபோது ஆசிரியர்கள் சொல்கிற பதில் அதுதான்.

அதற்கும் முன்னால் ஒரு குற்றம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் ஒரு சித்திரப் போட்டிக்குக் 'கொழுந்து பறிக்கும் பெண்' வரைந்தேன். வீட்டிலேயே ஒருவர் இருந்தார். காலையில் பெரட்டுக்குப் போய் மாலையில் வருவார், அம்மா. அவரைப் பார்த்து வரையத் தோன்றவில்லை. அலுமாரிக்கு மேலே இருந்த தேயிலைத் தகரத்தை இறக்கி, அதில் இருந்தவளைப் பார்த்து வரைந்தேன். மெலிந்த இடுப்பு, சிவப்புச் சேலை, கை நிறைய வளையல், ஒரு கொழுந்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துச் சூரியனுக்குக் காட்டுகிற சிரிப்பு. அம்மா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கா. இம்புட்டு வளையலோட கைய விட்டா செடியில மாட்டிக்காதா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அந்தச் சான்றிதழ் இன்னும் இருக்கிறது. அம்மாவின் படம் என்று சொல்ல வீட்டில் அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் இருக்கிறது.

இப்படிப்பட்டவன்தான் பிற்காலத்தில் சிலைகளைப் பற்றி மேடையேறிப் பேசினேன்.

பேச வைத்தது சென்னை மெரினா. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் மனைவியோடு போனேன். எல்லாரும் கடலைப் பார்க்கப் போவார்கள். நான் உழைப்பாளர் சிலையைப் பார்க்கப் போனேன். சென்னைக் கலைக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. 1959 ஜனவரி 25, குடியரசு தினத்துக்கு முந்திய நாள் திறந்தார்கள். இந்தியாவில் முதன்முதலாகச் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் 1923-இல் இந்தச் சென்னைக் கடற்கரையில்தான். இடுப்பில் துணி மட்டும் கட்டிய நாலு ஆண்கள் ஒரு பெரும்பாறையைப் பெயர்க்கிறார்கள். நரம்பு தெரிகிறது, விலா தெரிகிறது, எவருக்கும் முகத்தில் சிரிப்பில்லை. என் கண் கலங்கியது. கான் வெட்டிய அப்பாவை அதில் பார்த்தேன். தலைவருக்கும் துரைக்கும்தான் சிலை என்று நினைத்திருந்த எனக்கு, பெயரில்லாத நாலு கூலிகள் அவ்வளவு உயரத்தில் நின்றது பெரிய விஷயமாக இருந்தது.

மனைவி சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கல்யாணத்துக்கு முன் ஏழு வருடம் கொழுந்து எடுத்தவர். "இதுல பொம்பள யாரும் இல்லையா?" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "இது குறியீடு. மனித குலம் முழுவதையும் குறிக்கும்" என்று தொடங்கிக் கால் மணி நேரம் விளக்கினேன். "மனித குலத்துல நாங்க எந்தக் கால்கிட்ட இருக்கோம்?" என்று கேட்டுவிட்டு அவர் சுண்டல் வாங்கப் போய்விட்டார். ஊருக்கு வந்த பிறகு அந்தக் கேள்வியை என் கேள்வியாக்கிக்கொண்டேன். 'உழைப்பாளர் சிலையில் பெண் எங்கே?' என்ற தலைப்பில் மூன்று இடத்தில் பேசினேன். மூன்றிலும் கைதட்டு. கேள்வி யாருடையது என்பதை இன்றுதான் சொல்கிறேன்.

2023 வந்தது. மலையக மக்கள் வந்து 200 வருடம். 1820-களில் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைச் சிங்ஹபிட்டியவில் கோப்பி நட்ட காலத்திலிருந்து எண்ணுகிற கணக்கு. அந்த ஜூலை, ஓகஸ்ட்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும், முன்னோர் நடந்த பாதையிலேயே ஜனங்கள் நடந்தார்கள். மாத்தளை எங்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம். எங்கள் தோட்டத்துப் பையன்கள் ஏழெட்டுப் பேர் போய் நடந்துவிட்டு, காலில் கொப்புளத்தோடும் வாயில் ஒரு யோசனையோடும் வந்தார்கள்: "சேர், முடக்குல ஒரு சிலை வைக்கணும்."

உடனே கலந்துரையாடல் கூட்டம் கூட்டினேன். புதன்கிழமை காலை 10 மணி. ஒன்பது பேர் வந்தோம், ஒன்பதும் ஆண்கள். பெண்கள் ஏன் வரவில்லை என்று அறிக்கைப் புத்தகத்தில் வருத்தம் தெரிவித்துக் குறிப்பு எழுதினேன். புதன்கிழமை காலை 10 மணிக்கு அவர்கள் மலையில் நிரையில் நிற்பார்கள் என்பது மலையிலேயே பிறந்த எனக்குத் தோன்றவில்லை.

ஒரு பையன், முல்லோயாக் கோவிந்தனை வைக்கலாம் என்றான். 1940 ஜனவரி 10, ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டு இறந்த தொழிலாளி. தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகி என்று நாங்கள் சொல்கிறவர். நல்ல யோசனை. நான் தட்டிக்கழித்தேன். "நாம் ஒரு சிலையைச் செய்யக்கூடாது தம்பி. ஒரு சிலையைக் கேள்வி கேட்கிற சிலையைச் செய்ய வேண்டும்" என்றேன். சொன்ன உடனே எனக்கே மயிர் கூச்செறிந்தது.

பிறகு கைத்தொலைபேசியை எடுத்துப் படம் காட்டினேன். அமெரிக்காவில் கெஹிண்டே வைலி என்ற ஓவியர் 2019-இல் செய்த குதிரை வீரன். ரிச்மண்ட் நகரத்தில், கறுப்பரை அடிமையாக வைத்திருப்பதற்காகச் சண்டை போட்ட தென்மாநிலத் தளபதி ஸ்டுவர்ட்டின் குதிரைச் சிலை 1907-இலிருந்து நின்றது. வைலி அதே குதிரை, அதே திருப்பம், அதே மிடுக்கை எடுத்து, மேலே சடைமுடியும் கிழிந்த ஜீன்ஸும் போட்ட கறுப்பு இளைஞனை ஏற்றினார். முதலில் நியூயோர்க் டைம்ஸ் சதுக்கத்தில் நிறுத்தி, அதே வருட டிசம்பரில் ரிச்மண்டுக்கே கொண்டுபோனார். அடுத்த ஜூலையில் தளபதி பீடத்தைவிட்டு இறங்க வேண்டி வந்தது. வைலியின் பையன் இன்னும் குதிரையில் இருக்கிறான்.

அடுத்து கோப்பன்ஹேகன். எங்களைப் போலத் தோட்டத்துக் கதை. டென்மார்க்குக்குக் கரீபியனில் கரும்புத் தீவுகள் இருந்தன; 1917-இல் அமெரிக்காவுக்கு விற்றுவிட்டார்கள். அதில் ஒரு தீவு சென்ட் குரோய். 1848-இலேயே அடிமைத்தனம் ஒழிந்தது, ஆனால் கூலி ஒப்பந்தம் கழுத்தை நெரித்தது. 1878-இல் தோட்டங்களுக்குத் தீ வைத்துக் கலகம் செய்தவர்களை நடத்திய பெண்களில் ஒருத்தி மேரி தோமஸ். ஜனங்கள் அவளை ராணி மேரி என்றார்கள். டென்மார்க் அரசு அவளைக் கொண்டுபோய்க் கோப்பன்ஹேகனில் சிறை வைத்தது. கலகத்துக்கு 140 வருடம் கழித்து, 2018 மார்ச் 31 அன்று, ஜெனெட் ஏலர்ஸ், லா வோன் பெல் என்ற இரண்டு பெண் கலைஞர்கள் அதே நகரத்தில், தீவுச் சரக்குகளை இறக்கி வைத்த பழைய பண்டகசாலை வாசலில் அவளை 7 மீற்றர் உயரத்துக்கு வைத்தார்கள். ஒரு கையில் தீப்பந்தம், ஒரு கையில் கரும்பு வெட்டும் கத்தி. அந்தப் பண்டகசாலைக்குள் இப்போது இருப்பது ஐரோப்பாவின் பேர்பெற்ற சிலைகளின் சுண்ணப் பிரதிகள். வாசலிலேயே மைக்கலாஞ்சலோவின் தாவீது வெண்கலப் பிரதியாக நிற்கிறான். அவனுக்குப் பக்கத்தில்தான் இவளை வைத்தார்கள்.

நாற்பது நிமிடம் பேசினேன். எல்லாம் சொன்னேன், ஒன்றைத் தவிர. அது எனக்கே அப்போது தெரியாது.

முடிவில் என் யோசனையை அறிவித்தேன்: மெரினாவின் உழைப்பாளர் சிலை, அதே பாறை, அதே நாலு பேர். ஆனால் நாலு பேரும் கொழுந்துப் பெண்கள். ஒன்பது பேரும் கைதட்டினோம். எனக்கு நானும் தட்டிக்கொண்டதால் சத்தம் கொஞ்சம் கூட இருந்தது.

ஆராய்ச்சிக்காக ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1925-இல் கட்டிய தொழிற்சாலையை 2001-இல் அருங்காட்சியகமாக்கினார்கள். உருட்டும் இயந்திரம், உலர்த்தும் இயந்திரம் எல்லாம் எண்ணெய் போட்டுப் பளபளவென்று இருந்தன. இரண்டு புத்தகம் நிறைய இயந்திரம் வரைந்துகொண்டு வந்தேன். கம்பளைக்கு மேலே பழைய பீகாக் தோட்டத்து லயத்தில் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று 2007 முதல் இருக்கிறது. போக வேண்டிய இடம் அது. பஸ் மாறி ஏற வேண்டும் என்று போகவில்லை.

உருவத்துக்கு இலேசான ரெஜிபோம் நுரைக்கட்டி, மேலே கோழிக்கூட்டுக் கம்பிவலை, அதற்கு மேலே மெல்லிய சீமெந்துப் பூச்சு. ராணி மேரியையும் வெண்கலத்தில் வார்க்கவில்லை. பணம் கூடும்வரை ரெஜிபோமில்தான் செய்து கறுப்புப் பூச்சுப் பூசினார்கள். அது எனக்குப் பெரிய தைரியம். அவள் உடம்பு அந்த இரண்டு கலைஞர்களின் உடம்பையும் கணினியில் அளந்து ஒன்றாகச் சேர்த்த உடம்பு. அதையும் பின்பற்றினேன். அதாவது, மாதிரிக்கு யாரையும் கூப்பிடக் கூச்சப்பட்டு, அலுமாரிக் கண்ணாடி முன்னால் தலையில் கூடையை மாட்டி நானே நின்றேன். மனைவி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டு போனார். அவர்கள் இருவரும் தங்கள் முப்பாட்டிகளின் கதையைத் தங்கள் உடம்பில் சுமந்தவர்கள். நான் சுமந்தது தொந்தி.

வர்ணம் பூசுகிற கட்டம். கடைக்காரர் காட்டிய அட்டையில் என் கை தானாகப் போய் நின்ற நிறம் எது என்று சொல்லத் தேவையில்லை. அதே வருடம் மே மாதம் டில்லியில் சர்வதேச அருங்காட்சியகக் கண்காட்சிக்கு மொகஞ்சதாரோ நடன மங்கையை ஐந்தடிப் பொம்மையாக்கி வைத்தார்கள். மூலச்சிலை ஒரு சாண்கூட இல்லை, சுமார் 10 சென்ரிமீற்றர். உடம்பில் வளையலும் மாலையும் தவிர ஒன்றும் இல்லை. இடுப்பில் கை வைத்து 'அதனாலென்ன?' என்பதுபோல் நிற்பாள். பொம்மையில் அவளுக்கு உடுப்பு வந்தது, தோலும் ரோஜா நிறத்துக்கு வெளுத்துவிட்டது. பலர் கண்டித்தார்கள். நானும் இரண்டு பக்கம் கண்டித்து ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தேன். கட்டுரை மேசையில் இருக்க, முற்றத்தில் நின்று என் நாலு பெண்களுக்கும் அதே ரோஜாவைப் பூசினேன்.

சிலை முடியும்போது 200-வது வருடமும் முடிய வந்திருந்தது. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்பதால் பெண்கள் வந்தார்கள். திரையை விலக்கினோம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நான் அதை மெய்ம்மறந்த மௌனம் என்று நினைத்துக்கொண்டேன்.

"இது யாரு சேர்?" என்றார் மேல் லயத்து அத்தை. 38 வருடம் கொழுந்து எடுத்தவர்.

"நீங்கதான் அத்தை. நீங்க எல்லாரும்."

"நானா? நான் எப்போ மலையில நின்னுக்கிட்டு இப்புடிச் சிரிச்சேன்?"

தேயிலைத் தகரத்துச் சிரிப்பு. என் கையைவிட்டு இன்னும் போகவில்லை.

"தோளு ஆம்பளத் தோளால்ல இருக்கு" என்றார் இன்னொருவர்.

"அது அவரு தோளுதான்" என்றார் என் மனைவி.

பிறகு வரிசையாக வந்தது. படங்கு எங்கே? இடுப்பில் படங்கு கட்டாமல் காலைப் பனியில் செடிக்குள் இறங்கினால் மதியத்துக்குள் சேலை ஊறிப்போகும், தொடை புண்ணாகும். கொழுந்து ஏன் ஒரு கையில்? "ஒத்தக் கையில எடுத்தா அன்னைக்கி அரைப் பேருதான் சேர்." வலதுகை நாட்டிய முத்திரை மாதிரி ஏன் நிற்கிறது? கூடைக் கயிறு ஏன் நெற்றியில்? அது உச்சந்தலையில் அல்லவா இருக்கும்? அத்தை தன் முக்காட்டை விலக்கித் தலையைக் குனிந்து காட்டினார். நடுத்தலையில் ஒரு விரல் அகலத்துக்கு முடியே இல்லாமல் ஒரு தடம். "38 வருசக் கயிறு. இத எப்புடிச் சிலையில காட்டுவீங்க?"

என்னிடம் பதில் இல்லை. 'பேசாம வரை' என்று சொல்லவும் அங்கே ஆளில்லை.

"அது சரி, இவுங்க நாலு பேரும் எதத் தள்ளுறாங்க?"

"வரலாற்றை" என்றேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

"கல்லு தள்ளுறது ஆம்பளைங்க வேல சேர். கான் வெட்டு, ரோட்டு வேல. நாங்க எதையும் தள்ளுறதில்ல. முதுகுல ஏத்திக்கிட்டு நடப்போம். நாலு பேரு சேந்து ஒண்ணப் புடிக்கிறதுமில்ல. அவுங்கவுங்களுக்கு அவுங்கவுங்க நிரை, அவுங்கவுங்க கிலோ."

வைலி குதிரையை மாற்றாமல் ஆளை மட்டும் மாற்றினார், சரியாக வந்தது. ஏனென்றால் சண்டையே அந்தக் குதிரையைப் பற்றித்தான், யார் மேலேறலாம் என்பதைப் பற்றித்தான். பாறையோடு எங்கள் பெண்களுக்கு ஒரு வழக்கும் இல்லை. இன்னொருவர் வேலையில், இன்னொருவர் உடம்புக்கு அளவெடுத்த நிலையில், இவர்களைக் கொண்டுபோய்ச் செருகினேன். மெரினாவில் ஆண்கள் நாலு பேருக்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் கல்லூரிக் காவலாளி என்று சொல்வார்கள். ராய் சௌத்ரி ஒரு ஆளையாவது கூப்பிட்டு நிறுத்தி, பாறையை எப்படிப் பிடிப்பாய் என்று பார்த்திருக்கிறார். நான் கண்ணாடியைப் பார்த்தேன்.

தமிழில் பிரதிமை, பிரதிநிதி, பிரதிநிதித்துவம் எல்லாவற்றிலும் ஒரே 'பிரதி'தான் இருக்கிறது. மேடையில் இதை வைத்து நான் நன்றாக விளையாடுவேன். 1947-இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது; 1948-இல் பிரஜாவுரிமை போனது, அடுத்த வருடம் வாக்கும் போனது; 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களை 5,25,000 உனக்கு, 3,00,000 எனக்கு, 1,50,000 பிறகு பார்ப்போம் என்று பிரித்துக்கொண்டார்கள், எங்களில் ஒருவரையும் கேட்காமல். 'ஒருவரையும் கேட்காமல்' என்ற இடத்தில் என் குரல் தழுதழுக்கும், அதற்கும் கைதட்டு விழும். அந்தக் குரலோடுதான் புதன்கிழமை காலை 10 மணிக்குக் கூட்டம் வைத்தேன்.

திரை விலக்கிய அன்று இரவே காற்று தொடங்கியது. மார்கழிக் காற்று நக்கிள்ஸ் பக்கமிருந்து வந்தால் லயத்துத் தகரத்தையே உருவும், ரெஜிபோம் எம்மாத்திரம்? மூன்றாம் நாள் காலையில் ஒருத்தி தேயிலைக்குள் குப்புறக் கிடந்தாள். ஒருத்தியின் கூடை கானில் மிதந்தது. மற்ற இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, அப்போதும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். என் பேச்சைக் கேட்டிருந்த பையன் ஒருவன் கைத்தொலைபேசியில் எதையோ தேடி எடுத்து வந்து நீட்டினான்: "சேர், ராணி மேரியும் 2020 டிசம்பர்ல புயல்ல ஒடஞ்சு போச்சாமே." ஆறுதல் சொன்னானா, தைரியமாக நம்பிய பொருளைக் கேலி செய்தானா, தெரியவில்லை. இரண்டுக்கும் நான் தகுதியானவன்தான்.

கம்பியை அறுக்க ஆள் வந்த அன்று பெண்கள் கொழுந்து மடுவத்திலிருந்து திரும்பி வந்தார்கள். அத்தை சாக்கை இறக்கி வைத்துவிட்டுப் பீடத்தின் மேல் உட்கார்ந்தார். கூடவே மூன்று பேர். "இன்னொருக்கா செய்றதுன்னா ஒக்கார வச்சுச் செய்ங்க சேர்" என்றார். "பெரட்டுல நின்னு, நிரையில நின்னு, நிறுவைக்கு நின்னு, சம்பளத்துக்கு நின்னு... செத்தப்புறமும் நிக்க வைக்கணுமா?"

வீட்டுக்குப் போய் ராணி மேரியின் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவள் உட்கார்ந்திருக்கிறாள். விசிறி மாதிரி முதுகு விரிந்த பெரிய பிரம்புக் கதிரையில், கால் மேல் கால் போடாமல், ஆனால் எழும்புகிற எண்ணம் கொஞ்சமும் இல்லாமல். கறுஞ்சிறுத்தைக் கட்சித் தலைவர் ஹியூவி நியூட்டன் 1967-இல் அப்படி ஒரு கதிரையில் உட்கார்ந்து எடுத்த படம் பேர்போனது. கலைஞர்கள் அந்த நிலையைத்தான் எடுத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே தாவீது நின்றுகொண்டிருந்தும் அவர்கள் அவன் நிலையைக் கடன் வாங்கவில்லை. தீப்பந்தம் சொன்னேன், கத்தி சொன்னேன், உயரம் சொன்னேன், தேதி சொன்னேன். அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை நாற்பது நிமிடத்தில் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பார்க்கவே இல்லையென்றால் எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர தோட்டம் எங்கள் கண்டி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே மலையுச்சியில் ஒரு கல் ஆசனம் உண்டு. துரை உட்கார்ந்து பார்த்த இடம் என்று காட்டுவார்கள். வருடா வருடம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். எல்லாரையும் ஆளுக்கொரு தடவை அதில் உட்கார வைத்துப் படம் எடுப்பேன், கடைசியில் நானும் உட்காருவேன். கொழுந்துப் பெண்ணுக்கு ஆசனம் எங்கே என்று கேட்கிற புத்தி ஒரு வருடமாவது வந்திருந்தால், ரெஜிபோம் செலவு மிஞ்சியிருக்கும்.

உட்கார்ந்த சிலை ஒன்றுக்கு வரைபடம் போட்டேன். இந்த முறை அத்தையைக் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். படங்கு சரி, கயிறு சரி, முகத்தில் சிரிப்பில்லை. நிறத்துக்குச் சாயத் தண்ணியை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கலந்தேன். அத்தை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா இது அங்க ஒக்காந்தா நாங்க எங்க ஒக்கார்றது?" என்றார். வரைபடம் அலுமாரிக்கு மேலே, தேயிலைத் தகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பையன்கள் மேற்பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். மழைக்கு மேலே ஒரு தகரம் போட்டார்கள். கல்வெட்டுக் குழியில் இப்போது யாரோ வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா வைக்கிறார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை. மாலையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நிற்பதில்லை, உட்காருகிறார்கள். பெண்களுக்கு முதல் இடம் என்று யாரும் சட்டம் போடவில்லை; கூடையும் சாக்குமாக அவர்கள் வந்தால் பையன்கள் தானாக எழும்பிவிடுகிறார்கள்.

போன வாரம் கண்டிக்குப் போக நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். பஸ் வரச் சுணங்கியது. பக்கத்தில் இருந்த வெளியூர்க்காரருக்கு இந்தப் பீடத்தின் கதையைச் சொல்லத் தொடங்கினேன், பிரதி என்ற சொல்லிலிருந்து. மெரினாவைத் தொடுவதற்குள் அத்தையும் இரண்டு பேரும் சாக்கோடு வந்து முன்னால் நின்றார்கள்.

"சேர்" என்றார் அத்தை. "பேசிக்கிட்டே கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க."

தள்ளி உட்கார்ந்தேன். அப்போதும் இடம் போதவில்லை. எழும்பினேன்.